பார்த்தோம்; கண்டோமா? – பெருந்தொற்றுக் காலத் தொலைக்காட்சி பற்றி ஒரு மதிப்பீடு

ஒரு நூலைப் படித்து முடித்தபின் அதன் நிறைகுறைகளை எழுதுகின்றோம். ஒரு நாடகத்தைக் கண்டு வந்தபின் திண்ணையில் அமர்ந்து அதைப் பற்றிப் பேசுகின்றோம். ஆனால் நாள்தோறும் பல மணி நேரம் நம் வீட்டுக் கூடத்தில் நம்மோடு பேசிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியை, அணைத்த மறுகணமே மறந்துவிடுகின்றோம். அது திறனாய்வுக்கு உரியது என்னும் எண்ணமே நமக்கு எழுவதில்லை.

2020 மார்ச் முதல் ஏறத்தாழ ஈராண்டுக் காலம், கொரோனாப் பெருந்தொற்று நம்மை வீட்டுக்குள் அடைத்து வைத்தபோது, வெளியுலகம் என்று நாம் அறிந்தது பெரும்பாலும் அந்தத் திரையில் தோன்றியதைத்தான். அடுத்த தெருவின் செய்தியையும் அதன் வழியாகவே அறிந்தோம். பங்குத்தந்தையின் குரலையும் அதன் வழியாகவே கேட்டோம். அக்காலத்தில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி எவ்வாறு மாறியது? அம்மாற்றம் நம்மை எவ்வாறு மாற்றியது? காய்ச்சல் தணிந்து, அச்சம் நீங்கி, நினைவு மட்டும் எஞ்சியிருக்கும் இந்நாளில் இவ்வினாக்களை அமைதியாக எழுப்பிப் பார்ப்பது நன்று என எண்ணுகின்றோம்.

மாறிய தோற்றம்

2020 மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கு. 24 அன்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, அன்று நள்ளிரவு முதல் 21 நாள்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என அறிவித்தார். நான்கு மணி நேரமே இடைவெளி. அதற்கு முன்பே படப்பிடிப்புகள் நின்றுபோயிருந்தன. ஆகவே மாலைதோறும் வீடுகளை ஆண்டுவந்த தொடர்கள் ஒரே வாரத்தில் மறைந்தன. பழைய தொடர்கள் மீண்டும் வந்தன. தூர்தர்ஷன் மார்ச் 28 முதல் 1980களின் இராமாயணத் தொடரை மறுபடியும் ஒளிபரப்பியது. சன் தொலைக்காட்சியில் 'மெட்டி ஒலி' மீண்டும் ஒலித்தது. பொழுதுபோக்கு பின்னோக்கிச் செல்ல, செய்தி மட்டுமே நிகழ்காலத்தில் நின்றது. அதன் விளைவாகச் செய்தியே பொழுதுபோக்காயிற்று. இவ்விடத்தில்தான் பின்னர் நாம் கூறவிருக்கும் பல குறைகள் வேர் கொண்டன.

செய்தியின் தோற்றமும் மாறியது. ஒலிவாங்கிகள் நீண்ட கோல்களின் நுனியில் கட்டப்பட்டு நீட்டப்பட்டன. செய்தியாளர் முகக்கவசத்துடன் நின்றார். விவாத அரங்குகளில் நால்வர் அமர்ந்து ஒருவரையொருவர் இடைமறித்த காட்சி மறைந்து, திரை நான்கு கட்டங்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் தம் வீட்டுப் புத்தக அலமாரியின் முன் அமர்ந்து பேசினார். ஒலி தாமதமாக வந்தது. உருவம் உறைந்து நின்றது. பின்னால் ஒரு குழந்தை அழுதது.

இதில் ஒரு நன்மையும் விளைந்தது. அதுவரை சென்னையின் ஒளிபரப்பு அரங்கிற்குக் குறித்த நேரத்தில் வந்து சேரக்கூடியவர்களே தமிழ்நாட்டின் கருத்துரைஞர்களாக இருந்தனர். இப்போது நெல்லையிலிருந்து ஓர் அரசு மருத்துவரும், கொங்கு நாட்டிலிருந்து ஓர் ஊராட்சித் தலைவரும் தம் இருப்பிடத்திலிருந்தே பேச முடிந்தது. தலைநகரின் குரலே தமிழகத்தின் குரல் என்னும் பழைய மயக்கம் சிறிது தெளிந்தது. இதனை நாம் நன்றியோடு குறிக்க வேண்டும்.

செய்தியாளர்தம் உழைப்பையும் குறிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் மும்பையில் சோதிக்கப்பட்ட 171 ஊடகப் பணியாளர்களுள் 53 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அதே வாரத்தில் சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியில் இருபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் தொற்றுக்கு ஆளானார்கள்; நேரலை நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. ஜூன் மாதத்தில் சென்னையின் மூத்த ஒளிப்பதிவாளர் ஒருவர் உயிரிழந்தார். அவர்களை முன்களப் பணியாளர் எனக் கருதும் அறிவிப்பு தமிழ்நாட்டில் 2021 மே மாதத்தில்தான் வந்தது. நாம் வீட்டில் இருக்கும்பொருட்டு அவர்கள் வெளியே நின்றார்கள். கீழே நாம் கூறும் குறைகள் அவர்களுடைய துணிவைப் பற்றியன அல்ல. அத்துணிவு எதற்குப் பயன்படுத்தப்பட்டது என்பதைப் பற்றியன.

எண்களின் ஆட்சி

மாலை நேரம் ஒரு புதிய வழக்கத்திற்கு உரியதாயிற்று. அப்போதைய சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் நாள்தோறும் செய்தியாளரைச் சந்தித்து அன்றைய தொற்று எண்ணிக்கையை அறிவித்தார். எத்தனை பேருக்குச் சோதனை, எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் வீடு திரும்பினர், எத்தனை பேர் இறந்தனர் என்று கணக்கு வரிசையாக வந்தது. ஓர் அரசு அதிகாரி ஒவ்வொரு நாளும் மக்கள்முன் நின்று கணக்குச் சொல்லும் காட்சி, தமிழ்நாட்டில் முன்பு நாம் காணாத ஒன்று. அவருடைய பதற்றமற்ற குரல் பல வீடுகளுக்கு ஆறுதலாக இருந்தது என்பதை மறுக்கவியலாது.

ஆயினும், அந்த எண்கள் தொலைக்காட்சியின் கைக்கு வந்தபோது வேறொன்றாக மாறின. திரையின் மூலையில் அவை நாள் முழுவதும் நின்றன. மாவட்டங்கள் பட்டியலிடப்பட்டன. 'முதலிடம்', 'இரண்டாமிடம்' என்னும் சொற்கள் கூச்சமின்றி வந்தன. கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கைக் கேட்பதுபோல, 'இன்று எத்தனை?' என்று கேட்டவாறே நாமும் இரவு உணவுக்கு அமர்ந்தோம். அந்த எண்ணிக்கையின் ஒவ்வோர் அலகிலும் ஒரு பெயர் இருந்தது, ஒரு குடும்பம் இருந்தது என்னும் உணர்வு மெல்ல மெல்ல மழுங்கியது.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. எண்ணை வாசிப்பது வேறு. எண்ணைச் சரிபார்ப்பது வேறு. 2020 ஜூன் மாதத்தில், சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த பல மரணங்கள் மாநில அரசின் பட்டியலில் இல்லை என்பது வெளிவந்தது. அச்சு இதழ்களும் குடிமக்கள் அமைப்பும் பதிவேடுகளை ஒப்பிட்டு எழுப்பிய வினா அது. அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. ஜூலை 22 அன்று, முன்பு விடுபட்டுப்போன 444 மரணங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டன.

444 பேர் என்பது ஒரு சிற்றூர். அந்த ஊர் முழுவதும் கணக்கிலிருந்து விடுபட்டிருந்த வாரங்களில், நம் தொலைக்காட்சிகள் அரசு தந்த எண்ணையே மணிக்கொருமுறை ஒலித்துக்கொண்டிருந்தன. இருபத்து நான்கு மணி நேரமும் செய்தி சொல்லும் வாய்ப்புடையோருக்கு, ஒரு பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க நேரமில்லாமற் போனதேன்? விரைவாகச் சொல்வதே செய்தி என்று பழகியவர்களுக்கு மெதுவாகச் செய்யவேண்டிய வேலை வேலையாகவே தோன்றவில்லை என்பதே நம் கருத்து.

சொற்கள் செய்த வேலை

ஒரு காலத்தின் மனத்தை அறிய அக்காலத்துச் சொற்களை ஆராய்வது நல்ல வழி. பெருந்தொற்று நமக்குத் தந்த சொற்களுள் தலையாயது 'சமூக இடைவெளி' என்பதாகும். ஒருவருக்கொருவர் ஆறடி தள்ளி நில்லுங்கள் என்பதே அதன் பொருள். உலகச் சுகாதார நிறுவனமே 2020 மார்ச் மாதத்தில், விலகவேண்டியது உடல்தான், உறவு அன்று எனக் கருதி, 'உடல் இடைவெளி' எனப் பொருள்படும் தொடரைக் கையாளத் தொடங்கியது. தமிழிலும் சில எழுத்தாளர்கள் இச்சொல்லை எதிர்த்து எழுதினர். ஆனால் தொலைக்காட்சி 'சமூக இடைவெளி'யை விடவில்லை.

வேறொரு மண்ணில் இச்சொல் வெறும் மருத்துவ அறிவுரையாக இருந்திருக்கலாம். நம் மண்ணில் சமூகத்துக்கும் சமூகத்துக்கும் இடையே இடைவெளி நெடுங்காலமாக உள்ளது. தெருவுக்குத் தெரு, கிணற்றுக்குக் கிணறு, ஏன், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் கூட அது உள்ளது. கிறிஸ்தவர்களாகிய நாமும் அதற்கு விலக்கல்லோம். அத்தகைய மண்ணில், 'சமூக இடைவெளியைப் பின்பற்றுங்கள்' என்று ஒரு நாளைக்கு நூறு முறை ஒலிப்பது எத்தகைய பொருளைத் தரும் என்று செய்தி எழுதுவோர் ஒரு கணம் சிந்தித்திருக்க வேண்டாமா?

அடுத்து, போர்ச் சொற்கள். 'கொரோனாவுக்கு எதிரான போர்', 'களத்தில் வீரர்கள்' என்று செய்திகள் முழங்கின. போர் என்றவுடன் பகைவன் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பகைவனாகத் திரையில் காட்டவியலாது. ஆகவே மனித முகம் தேடப்பட்டது. 2020 மார்ச் மாதத்தில் தில்லி நிசாமுதீனில் நடந்த தப்லீக் ஜமாஅத் மாநாட்டில் பங்கேற்றோர் சிலருக்குத் தொற்று உறுதியானபோது, நாட்டின் பல தொலைக்காட்சிகள் அம்முகத்தைக் கண்டுகொண்டன. நோயாளிகள் குற்றவாளிகள்போலக் காட்டப்பட்டனர்.

தமிழ்நாட்டின் மாலைச் செய்தியாளர் சந்திப்பில் முதலில் அம்மாநாட்டின் பெயராலேயே எண்ணிக்கை சொல்லப்பட்டது. பின்னர், ஏப்ரல் தொடக்கத்தில், 'ஒரே மூலத் தொற்று' எனப் பொருள்படும் பொதுச்சொல் வழக்கிற்கு வந்தது. அதிகாரிகளின் நல்லெண்ணம் அதில் தெரிந்தது. ஆயினும் அதற்குள் சொல்லின் வேலை முடிந்துவிட்டது. பொதுச்சொல்லைக் கேட்டவர்களும் அதன் பின்னே பழைய பெயரையே கேட்டனர். அந்நாள்களில் இசுலாமியக் காய்கறி வணிகரிடம் வாங்கத் தயங்கிய வீடுகள் நம்மிடையேயும் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அம்மாநாட்டிற்கு வந்த வெளிநாட்டவர்மீது தொடரப்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்களுக்கு எதிராக ஊடகங்களில் பெரும் பரப்புரை நடந்ததைக் கண்டித்தது. அக்கண்டனத்தை எத்தனைத் தொலைக்காட்சிகள் பழியைச் சொன்ன அதே உரத்த குரலில் சொல்லின? பழி தலைப்புச் செய்தியாக வந்தது. விடுதலை ஓடும் எழுத்தாகப் போயிற்று.

கல்லறை வாயிலில்

2020 ஏப்ரல் 19. சென்னையின் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாத் தொற்றால் இறந்தார். அவர் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய முயன்றபோது கூட்டம் திரண்டு தடுத்தது. அங்கிருந்து வேலங்காட்டு இடுகாட்டிற்கு எடுத்துச் சென்றார்கள். அங்கும் ஒரு கும்பல் கற்களோடும் கட்டைகளோடும் வந்தது. அவசர ஊர்தி தாக்கப்பட்டது. ஓட்டுநரும் உடன் வந்தவர்களும் காயமுற்றார்கள். மனைவியும் மகனும் உடலை விட்டு அகலவேண்டியதாயிற்று. நள்ளிரவில், மருத்துவரான அவருடைய நண்பர் ஒருவர், மருத்துவமனை ஊழியர் ஓரிருவரின் துணையோடு, தம் கையாலேயே குழியில் மண்ணைத் தள்ளி அடக்கத்தை முடித்தார்.

பலருடைய உயிரைக் காத்தவருக்கு ஆறடி நிலம் மறுக்கப்பட்டது. அக்கும்பல் எங்கிருந்து வந்தது? அவர்கள் வேற்றுநாட்டார் அல்லர். அன்று மாலைவரை தம் வீட்டில் அமர்ந்து, நம்மைப்போலவே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்கள். உரிய முறைப்படி அடக்கம் செய்யப்படும் உடலால் பிறருக்குக் கூடுதலாகத் தொற்று ஆபத்து இல்லை என்று நடுவண் அரசின் சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் மாதத்திலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. இது மக்கள் அறியவேண்டிய எளிய செய்தி. அரை நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய செய்தி. முழுக் கவச உடையணிந்த மனிதர்கள் உடலைக் குழியில் இறக்கும் காட்சியைப் பின்னணி இசையோடு மீண்டும் மீண்டும் காட்டிய திரைக்கு, இந்த அரை நிமிடம் முதன்மையாகத் தோன்றவில்லை. அச்சத்தைக் காட்டுவது எளிது. அச்சத்தைத் தெளிவிப்பது கடினம். எளிதானதே நடந்தது.

ஆயினும், அதே தொலைக்காட்சி சில நாள்களில் மற்றொரு பணியையும் செய்தது. அம்மருத்துவரின் மனைவி, தம் கணவரின் இறுதி விருப்பத்தை நிறைவேற்றித் தருமாறு முதலமைச்சரிடம் வேண்டிப் பேசிய காணொளி எல்லாச் செய்திகளிலும் வந்தது. பின்னணி இசை இல்லை, விவாதம் இல்லை. ஒரு பெண் நேராக நம்மைப் பார்த்துப் பேசினார். தமிழகம் தலைகுனிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அடக்கத்தையும் எரியூட்டலையும் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி மாநில அரசு அவ்வேப்ரல் மாதத்திலேயே அவசரச் சட்டம் பிறப்பித்தது.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை விளங்குகின்றது. கருவி ஒன்றே. முகமற்ற உடலைக் காட்டியபோது அது கூட்டத்தைக் கல்லெடுக்க வைத்தது. முகத்தையும் குரலையும் காட்டியபோது அதே கூட்டத்தை வெட்கப்பட வைத்தது. தொலைக்காட்சியின் அறம் பற்றி நீண்ட நூல்கள் எழுதப்பட்டுள்ளன. நமக்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதுமானது.

நம் ஊர்க் கேபிள்

பெரிய தொலைக்காட்சிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நம் பங்கு மறைந்துவிடும். ஆகவே நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டின் பெரும்பாலான நகரங்களில் கேபிள்காரர் நடத்தும் உள்ளூர் அலைவரிசை ஒன்றாவது உண்டு. பழைய பாடல்கள், நகைக்கடை விளம்பரம், கோவில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி என்பவையே அதன் உலகம். படித்தவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஊரடங்கு வந்தபோது அதன் மதிப்பு உயர்ந்தது. எந்தத் தெருவுக்கு எந்த நாளில் காய்கறி வண்டி வரும், நியாயவிலைக் கடையில் நிவாரணத் தொகைக்கான அடையாளச் சீட்டு எப்போது தரப்படும், எந்த மருந்துக்கடை திறந்திருக்கும் என்பனவற்றைச் சென்னையோ தில்லியோ நமக்குச் சொல்லவில்லை. அந்தச் சிறு அலைவரிசைதான் சொன்னது. திருமணத்திற்குப் படம் பிடிக்கும் கருவியை வைத்துக்கொண்டு, ஓரிரு இளைஞர்கள் ஆற்றிய பணி அது. உள்ளூர்ச் செய்தி என்பதன் முழுப் பொருளை அந்நாள்களில்தான் நாம் உணர்ந்தோம்.

ஆனால் அதே அலைவரிசையில் மற்றொன்றையும் கண்டோம். ஒரு நாள் காலை, நம் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு குடும்பத்திற்குத் தொற்று என்று செய்தி வந்தது. தகரத் தடுப்பு அடிக்கப்படுவதை அந்த இளைஞர்கள் படம் பிடித்துக் காட்டினார்கள். பெயர் சொல்லவில்லை. ஆனால் நீலநிறக் கம்பிக் கதவும், அதன்மேல் படர்ந்திருந்த முல்லைக்கொடியும் திரையில் தெரிந்தன. ஊரில் அனைவருக்கும் அது யார் வீடு என்று விளங்கிவிட்டது. ஞாயிறுதோறும் கோவிலில் நமக்கு முன்வரிசையில் அமரும் குடும்பம் அது.

நாம் என்ன செய்தோம்? அந்தக் காட்சி மாலையில் மறு ஒளிபரப்பாக வந்தபோது மீண்டும் பார்த்தோம். அவர்களுடைய தொலைபேசி எண் நம்மிடம் இருந்தது. அழைக்கவில்லை. எதைச் சொல்வது என்று தெரியவில்லை என நம்மையே தேற்றிக்கொண்டோம். பதினான்கு நாள்கள் கழித்துத் தகரம் அகற்றப்பட்டது. அந்த வீட்டு அம்மா பின்னொரு நாள் நம்மிடம் சொன்னது இது: நோய் பெரிதாக வருத்தவில்லை, எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் பேசவில்லை என்பதுதான் வருத்தியது. நல்ல சமாரியர் உவமையில் குருவும் லேவியரும் அடிபட்டவரைக் கண்டும் மறுபக்கமாய் விலகிச் சென்றனர். நமக்கு விலகிச் செல்லவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. அமர்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டு அமர்ந்திருந்தோம்.

அந்த இளைஞர்களைக் குறைசொல்ல நமக்கு வாய் எழவில்லை. பெரிய அலைவரிசைகளில் கண்டதையே அவர்கள் சிறிய அளவில் செய்தார்கள். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாநிலம் முழுவதும் பார்க்கும் தொலைக்காட்சியில் ஒரு வீடு தெரிந்தால் அது ஏதோ ஒரு வீடு. உள்ளூர்க் கேபிளில் தெரிந்தால் அது இன்னாருடைய வீடு. ஆகவே உள்ளூர் ஊடகத்திற்கு வேண்டிய கூச்சம் பெரிய ஊடகத்திற்கு வேண்டியதைவிட மிகுதி. இதனை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார் யாரும் இருக்கவில்லை.

பாடம் சொன்ன திரை

கல்வி ஒளிபரப்பைச் சுருக்கமாகவேனும் குறிப்பிடாவிடின் இம்மதிப்பீடு நிறைவுறாது. தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்ட 2020இல், வகுப்பு வாரியாகப் பாடங்களை நடத்தும் பெரும் பொறுப்பு அதன்மேல் விழுந்தது. கைப்பேசி இல்லாத ஏழை வீட்டிலும் தொலைக்காட்சி இருந்ததால், அது எட்டிய தொலைவு இணைய வகுப்புகள் எட்டியதைவிட நீண்டது. ஆசிரியர்கள் ஒளிப்பதிவுக் கருவியின்முன் நின்று பாடம் நடத்தப் பழகினார்கள். பாராட்டுக்குரிய முயற்சி.

ஆயினும் திரையிடம் கேள்வி கேட்க முடியாது. கடைசி வரிசைப் பிள்ளையின் கண்ணில் குழப்பத்தைக் கண்டு, ஆசிரியர் நின்று திரும்பச் சொல்லும் அந்தக் கணம் அங்கே இல்லை. அரை மணி முடிந்ததும் அடுத்த வகுப்பின் பாடம் வந்துவிடும். 2021 அக்டோபரில் தன்னார்வலர்கள் வீட்டருகே வந்து கற்பிக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டதே, திரை மட்டும் போதவில்லை என்பதற்குச் சான்றாகும்.

திருப்பலியும் திரையும்

இதே வினா நம் வழிபாட்டிற்கும் பொருந்தும். 2020 மார்ச் இறுதியில் நம் ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. ஏப்ரல் 10 புனித வெள்ளியும், 12 உயிர்ப்புப் பெருவிழாவும் திரையில் கழிந்தன. தமிழ்நாட்டில் சிற்றூர்க் கோவில்கள் ஜூலையிலும், பெரிய கோவில்கள் செப்டம்பர் முதல் நாளிலும்தான் மக்களுக்குத் திறந்தன. இடைப்பட்ட மாதங்களில் தொலைக்காட்சியும் இணையமும் நமக்குக் கோவில் மணியாயின. முதியோர் பலர் குளித்து, நல்லுடை உடுத்தி, பெட்டியின் அருகே மெழுகுதிரி ஏற்றி முழந்தாளிட்டனர். அவர்களுடைய பக்தியை எவரும் குறைத்து மதிக்கலாகாது.

அக்காலத்து ஒளிபரப்புகளுள் தலைசிறந்தது எது என்று கேட்டால், 2020 மார்ச் 27 மாலையைச் சுட்டுவோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் மழையில் நனைந்த வெற்றுப் புனித பேதுரு வளாகத்தில் தனியாக நடந்து வந்தார். புயலை அடக்கிய இயேசுவைப் பற்றிய மாற்கு நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டது. அவ்வொளிபரப்பின் சிறப்பு அதன் அடக்கம். ஒளிப்பதிவுக் கருவி எதையும் துரத்தவில்லை. விளக்கவுரையாளர் இடைவிடாது பேசவில்லை. நீண்ட மௌனம், மழை, நற்கருணை ஆசீரின்போது ஆலய மணியோடு கலந்து ஒலித்த அவசர ஊர்தியின் ஓசை – இவை போதுமாயிருந்தன. தொலைக்காட்சிக்கு மௌனமாகவும் இருக்கத் தெரியும் என்பதை அன்று உலகம் கண்டது.

எனினும், அதே திருத்தந்தைதான் சில வாரங்களிலேயே எச்சரிக்கையும் விடுத்தார். ஏப்ரல் 17 அன்று காலைத் திருப்பலி மறையுரையில், மக்களும் அருளடையாளங்களும் இன்றித் திரைவழியாக மட்டும் கடவுளோடு உறவாடுவது இக்கட்டான நேரத்துக்கு உரிய வழியே அன்றித் திரு அவையின் இயல்பான நிலை ஆகாது என்னும் கருத்தை அவர் வலியுறுத்தினார். திருவழிபாட்டுப் பேராயமும் அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான மடலில், ஒளிபரப்பு நேரடிப் பங்கேற்புக்கு ஈடாகாது எனத் தெளிவுபடுத்தியது. நோயுற்றோருக்கும் முதியோருக்கும் திரைத் திருப்பலி என்றும் ஓர் அருளே. உடல்நலத்தோடு இருப்பவர்கள், கதவுகள் திறந்தபின்னும், சாய்வு நாற்காலியில் அமர்ந்து காப்பி அருந்தியவாறு திருப்பலி 'பார்க்கும்' வழக்கத்தைத் தொடர்ந்தால், அதைப் பெருந்தொற்றின்மேல் சுமத்த முடியாது. பகிர்ந்து உண்ணும் விருந்தைப் பார்த்து மட்டும் பசியாற இயலுமோ?

எஞ்சியது என்ன?

பெருந்தொற்று தொலைக்காட்சியில் விட்டுச்சென்ற மாற்றங்கள் சில நிலைத்துவிட்டன. வீட்டிலிருந்தே பேசும் விருந்தினர், பார்வையாளர் அனுப்பும் காணொளியைச் செய்தியாக்கும் வழக்கம், இணையத்தையே முதல் அலைவரிசையாகக் கொள்ளும் போக்கு ஆகியன அவற்றுள் சில. அலுவலகத்தில் அமர்ந்து பிறர் அனுப்பியதைத் தொகுப்பது செலவு குறைந்தது என்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. செய்தியாளர் பலர் வேலை இழந்தார்கள். பார்வையாளர் எண்ணிக்கைக்கான போட்டியில் முறைகேடு நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, 2020 அக்டோபரில் செய்தி அலைவரிசைகளின் வாராந்திர மதிப்பீடு நிறுத்தப்பட்டது; 2022 மார்ச்சில்தான் மீண்டும் வந்தது. அம்மதிப்பீடு இல்லாத காலத்திலும் கூச்சல் குறையவில்லை. கூச்சல் கணக்கினால் மட்டும் வந்ததன்று, பழக்கத்தினாலும் வந்தது என்பதே இதனால் அறியலாகும் செய்தி.

2021ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்திக்குத் திருத்தந்தை பிரான்சிஸ், யோவான் நற்செய்தியில் பிலிப்பு நத்தனியேலுக்குக் கூறிய 'வந்து பாரும்' என்னும் அழைப்பைத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். செய்தியாளர் தெருவில் இறங்கிக் காலணி தேய நடக்க வேண்டும்; இல்லையேல் ஊடகங்கள் ஒன்றன் படியாக மற்றொன்று ஆகிவிடும் என்பது அதன் சாரம். இவ்வறிவுரை செய்தியாளருக்கு மட்டும் உரியதா? 'வந்து பாரும்' என்பதில் இரண்டு வினைகள் உள்ளன. நாம் பெருந்தொற்றுக் காலம் முழுவதும் இரண்டாவதை மட்டும் செய்தோம். வர இயலாத காலம் அது என்பது உண்மை. ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பு, தகரத் தடுப்பின் அருகே வைத்துவிட்டு வரக்கூடிய ஒரு தூக்குக் கஞ்சி – இவையும் வருதலே ஆகும். சிலர் அவ்வாறு வந்தார்கள். அவர்களைத் தொலைக்காட்சி காட்டவில்லை. அவர்கள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

ஆகவே, தொலைக்காட்சியைத் திறனாய்வு செய்யப் புகுந்த நாம், பார்ப்பவர்களாகிய நம்மையே திறனாய்வு செய்வதில் வந்து நிற்கின்றோம். நல்ல ஒளிபரப்பு என்பது யாது? பிறருடைய முகத்தை நமக்குக் காட்டி, பெட்டியை அணைத்துவிட்டு எழுந்து செல்ல நம்மைத் தூண்டுவது. தீய ஒளிபரப்பு என்பது யாது? பிறருடைய துன்பத்தைக் காட்டி, நம்மை மேலும் ஆழமாக நாற்காலியில் அமர்த்துவது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இன்று மாலைச் செய்தியை வாசகர்கள் நோக்குவார்களாக.

அந்த நீலக் கதவு வீட்டுக் குடும்பம் இப்போதும் ஞாயிறுதோறும் முன்வரிசையில்தான் அமர்கின்றது. சமாதானம் பகிர்ந்துகொள்ளும் வேளையில் அந்த அம்மா திரும்பி நம்மைப் பார்த்துக் கைகுவிக்கின்றார். நாமும் கைகுவிக்கின்றோம். ஒவ்வொரு முறையும், அன்று அழைக்காத அந்தத் தொலைபேசி அழைப்பு நம் நினைவுக்கு வருகின்றது.